ஒரு காய், ஒரு பழம்

"ஒரு காய், ஒரு பழம். பிரியமானதா இருக்கணும்," என்றார் படியில் நின்ற சாஸ்திரிகள்.

அவள் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. நீரைப் பார்த்தாள்.

புரட்டாசிக் கங்கை. படிகளில் பாதியை விழுங்கிவிட்டு, மண் கரைந்த நிறத்தில் விரைந்துகொண்டிருந்தது. காலைக் கதிர் அதன்மேல் தங்கமாட்டாமல் சறுக்கியது.

நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று அளந்து தரப்பட்ட மனிதர், இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு அப்பெருநீரில் இடுப்பளவு நின்றார். பக்கத்தில் அவள்.

காசிக்கு வருகிறவர்கள் தமக்கு உகந்த ஒரு காயையும் ஒரு கனியையும் இந்நீரில் விட்டுவிட வேண்டும். விட்டதை ஆயுள் உள்ளளவும் நாவில் சேர்க்கலாகாது. கணவரின் தந்தை அவரைக்காயை விட்டார். பேத்தியின் மணப்பந்தியில்கூட அதை இலையோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

மகனும் சொன்ன சொல்லில் நிற்கிறவர்.

அவளுடைய அச்சமே அதுதான்.

அவருடைய சிறுநீரகங்கள் ஓய்ந்து வருகின்றன என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள். வாழைப்பழம் போயிற்று. இளநீர் போயிற்று. தக்காளி, கீரை, முருங்கை, உருளைக்கிழங்கு, ஊறுகாய், அப்பளம். பிறகு மாம்பழம். எஞ்சியவை நான்கே காய்கள்: புடலை, சுரை, பீர்க்கு, கோஸ். அவற்றையும் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய சக்கையைத்தான் தாளிக்க வேண்டும். உப்பு, பேருக்கு.

ஒரு பதிகம் ஓதி முடிக்கும் நேரம், காய் வேகும் நேரம். மூன்று ஆண்டுகளாக அவள் அடுப்படியில் வைத்திருக்கும் கணக்கு அது. இப்போதெல்லாம் பதினோராம் பாட்டு வருமுன்பே குரல் தளர்ந்துவிடுகிறது. இன்றும் சத்திரத்து அடுக்களையில் விடியுமுன் எழுந்து, ஓதி, வடித்துக் கொட்டிவிட்டே வந்தாள். வடித்து வடித்து அவள் விரல்களும் வெளுத்திருந்தன.

நான்கில் ஒன்றை அவர் விட்டால் மூன்று.

அதுவும் சிறிய கவலைதான்.

ஆடியில் மருத்துவர் சொன்னார்: தீபாவளி கழிந்ததும் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும். வாரம் மூன்று நாள். தொடங்காவிட்டால் சில வாரங்களே.

அவர் ஒப்பவில்லை. மறுக்கவுமில்லை. "காசிக்குப் போயிட்டு வந்து சொல்லுதேன்," என்றார்.

அன்று முதல் அவருடைய தட்டில் சோறு மிஞ்சுகிறது.

ஒவ்வொரு கவளமாக விடுகிறவர் எதை விடுவதற்குப் பழகுகிறார் என்று அவள் கேட்டதில்லை.

"சொல்லுங்கோ பிள்ளைவாள்."

"எனக்குப் பிரியமானதையெல்லாம் டாக்டர் திருநெல்வேலியிலேயே விட வச்சிட்டாரு சாமி. உங்க கங்கைக்குப் புடலங்காதான் மிச்சம்."

சாஸ்திரிகள் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புடலை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் கை தானாக அவருடைய ஈரத் துண்டின் நுனியைப் பற்றியது.

"புடலங்காய் மேல அவ்வளவு பிரியமா?"

"வேற கதியில்லாம வந்த பிரியம்."

அவர் ஒரு கையால் நீரை அள்ளினார். விரலிடுக்கில் ஒழுகிற்று. முழுவதும் ஒழுகும்வரை நோக்கியிருந்துவிட்டு மீண்டும் அள்ளினார்.

"காய், முருங்கை," என்றார். "பழம், மாம்பழம்."

"ரெண்டும் வைத்தியர் விலக்கினதுதானே? இல்லாததை எப்படி விடுவேள்?"

"விலக்குனது அவரு. நான் இன்னும் விடலை சாமி. மூணு வருசமா, ரெண்டு வேளையும், மனசுக்குள்ள தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சாஸ்திரிகள் தாழ்ந்த குரலில் மந்திரத்தைத் தொடங்கினார்.

உள்ளங்கை நீர் ஆற்றில் விழுந்தது. விழுந்த இடம் அக்கணமே தெரியாமல் போயிற்று.

நான்கும் இருக்கின்றன. புடலை, சுரை, பீர்க்கு, கோஸ். அவள் மனத்துள் எண்ணிக்கொண்டாள். இறக்கிவைக்க முடியாத சுமையைத் தோள் மாற்றிக்கொண்டது போலிருந்தது. துண்டின் நுனியை விட்டாள்.

"அம்மா, நீங்க?"

அவள் யோசிக்க ஒன்றுமில்லை. அவர் விட்டதையே தானும் விடுவது என்று ஊரிலேயே முடிவு செய்து வந்தவள்.

"முருங்கைக்காய்," என்றாள். "பழம், மாம்..."

"அவ பழத்தை மாத்துங்க சாமி."

சாஸ்திரிகள் நிமிர்ந்தார். கணவர் அவளைத் திரும்பிப் பார்க்காமலே, ஓடும் நீரிடம் சொல்வதுபோல் சொன்னார்:

"நீ விடாத. சித்திரையில வாங்கு. அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டே திங்க வேண்டாம். எனக்கு எதுத்தாப்புல உக்காந்து தின்னு."

அவளுக்கு முகம் எரிந்தது. சென்ற ஆண்டு ஒன்று. அதற்கு முந்தின ஆண்டு ஒன்று. கொட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, தெருமுனைத் தொட்டிவரை நடந்துபோய்ப் போட்டுவந்திருந்தாள். மணம் போகப் புளியிட்டுக் கை கழுவியிருந்தாள்.

நாணம் அடங்க நேரமாயிற்று. அடங்கிய பின்பே அவர் சொன்ன மற்றொரு சொல் அவளை வந்தடைந்தது.

சித்திரை.

தீபாவளி ஐப்பசியில். ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே ஐந்து மாதங்கள். சில வாரங்களல்ல.

"வேற பழம் சொல்லுங்கோம்மா," என்றார் சாஸ்திரிகள்.

அவளுக்கு எந்தக் கனியின் பெயரும் நினைவுக்கு வரவில்லை.