கோவ்னோவின் கணக்கு டீச்சர்

"தம்பி, இதுல தப்புத் தப்பா எழுதியிருக்கான்!"

ஆஷெர் நிமிர்ந்து பார்த்தான். ஜெருசலேமில் அவன் வேலை பார்த்த ஆவண அலுவலகத்தில், கொல்லப்பட்ட யூதர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்த படிவங்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. காலையில் வந்து கோவ்னோ ஊர்ப் பெட்டியைக் கேட்டு வாங்கிய அம்மாள், அதிலிருந்து ஒரே ஒரு படிவத்தோடு எதிரே நின்றார்.

கொல்லப்பட்டவர் ஃப்ரூமா லெவிட்டான், கணக்கு டீச்சர். எழுதிக் கொடுத்தவர் ஹிர்ஷ், பழைய மாணவர். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார். ஜெர்மன்காரர்கள் யூதர்களை வேலி போட்டு அடைத்த பகுதியில் பள்ளிக்கூடத்துக்குத் தடை. டீச்சர் கிடங்குக்குள் ஒளிந்து வகுப்பு எடுத்தார். ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் பின்னம் சொல்லிக்கொடுத்தார்.

"என்னம்மா தப்பு?"

"கண்ணு நீலமாம். பழுப்பு! நல்லா பாடுவாங்களாம். சகிக்காது!"

ஆஷெருக்குச் சிரிப்பு வந்தது. இங்கே வருகிறவர்கள் அழுவார்கள். சண்டை போட வந்தவரை இன்றுதான் பார்க்கிறான்.

"அப்புறம்?"

அம்மாளின் குரல் இறங்கியது. "நறுக்கின துண்டு எல்லாத்தையும் பிள்ளைகளுக்கே குடுத்துட்டாங்களாம். இல்லப்பா. ஒரு துண்டு அவங்க வாய்க்கும் போச்சு. பசி."

யார் இவர்? அக்காவா, தங்கையா? கூட வேலை பார்த்தவரா?

"இந்தப் பையன் உயிரோடதான் இருக்கானா?" என்றார் அம்மாள்.

"போன மாசம் நேர்ல வந்துதான் குடுத்தார். ஹைஃபாவுல வாத்தியாரா இருக்கார். எங்க டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் நானும் சொல்லிக்கொடுக்கறேன்னார்."

"என்ன பாடம்?"

"கணக்கு."

"கணக்கா? அவனா?" அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆஷெர் தண்ணீர் கொடுத்தான். பிறகு பேனாவை எடுத்தான். "திருத்தணும்னா, இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவுன்னு எழுதணும்மா."

"நான்தான் ஃப்ரூமா" என்றார் அவர்.

ஆஷெர் பேனாவைக் கீழே வைத்தான். அவர் தன் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேருக்கும் எழுதிக்கொண்டு வந்திருந்த படிவங்களைப் பையிலிருந்து எடுத்தார். ஹிர்ஷின் பெயர் போட்டதைத் தேடி உருவி நாலாகக் கிழித்துவிட்டு, மீதி முப்பதையும் அவனிடம் நீட்டினார்.