கேமரா பிடித்த உளவாளி

"சார், என் ஏஐ கேமரா முதல் உளவாளியைப் பிடிச்சிடுச்சு!" என்று துள்ளினான் இளம்பரிதி. தஞ்சாவூரை ஒட்டிய அந்த ராணுவ ஆய்வுக்கூடத்தின் காவலுக்காக அதை உருவாக்கிய இன்ஜினியர் அவன்தான்.

"என்ன பண்ணினான்?" என்றார் மேஜர்.

"காலையிலேர்ந்து டீக்கடை, சலூன், பெட்டிக்கடை, ஒரு இடம் விடாம நம்ம கேட்டைக் காட்டிக் காட்டி விசாரிச்சிருக்கான் சார். புளியமரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, உள்ளே போற ஒவ்வொருத்தர் முகத்தையும் உத்து உத்துப் பார்த்திருக்கான்!"

வெள்ளை வேட்டி, மஞ்சப்பையோடு ஒரு பெரியவரைக் காவலர்கள் இழுத்து வந்தார்கள்.

"யாருய்யா நீ? யாரு உன்னை அனுப்பினது?" என்று அதட்டினான் இளம்பரிதி.

"என் சம்சாரம்தாங்க. நீடாமங்கலம் இளையபெருமாள் நான்."

இளம்பரிதிக்கு வேர்த்துவிட்டது. போன வாரம் அம்மா அவனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் போட்டோவை அனுப்பியபோது, அவள் அப்பா என்று சொன்ன பெயர்.

"எதுக்குய்யா விசாரிச்சே?" என்றார் மேஜர்.

"பொண்ணு குடுக்கறதுன்னா நாலு இடத்துல விசாரிக்க வேண்டாமாங்களா?"

பிறகு பெரியவர் இளம்பரிதியை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடிக்க மாட்டீங்க, சிகரெட்டைத் தொட மாட்டீங்கன்னு எல்லாருமே சொன்னாங்க தம்பி. உங்க வாய்த் துடுக்கைத்தான் ஒருத்தரும் சொல்லல. நல்லவேளை, அதை உங்க கேமராவே காட்டிக் குடுத்துடுச்சு!"