பதினோராவது போர்ட்

ராஜா முகம்மதுவின் ஏலக்காய் மண்டியில் போன் பேசினால் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. ஏலம் தொடங்குமுன் அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் தங்கபாண்டி, எல்லாப் போன் ஒயர்களும் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தான். எந்த ஒயரில் எந்தக் கருவி இருக்கிறதென்று சுவிட்ச்சே கண்டுபிடித்துச் சொல்லும் வசதியை இயக்கினான். பத்து போன்கள் வர வேண்டிய திரையில் பதினொன்று வந்தன. பதினோராவது போர்ட்டின் துளையில் ஒயரே செருகியிருக்கவில்லை. பெயர் மட்டும் 'மலை ஸ்டோர்' என்றிருந்தது.

"பாய், மலை ஸ்டோர்ல போன் இருக்கா?"

"காய் உலர்த்துற எடம்ப்பா. அது போன வருசமே எரிஞ்சுபோச்சுல்ல. உன் சோலிய வெரசா முடி."

பழைய பதிவாக இருக்குமென்று நினைத்தான். மற்றத் தகவல்களை நிறுத்திப் போன் பேச்சுக்கு முதல் வழி விடும் விதியை, வழக்கம்போல எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்தே போட்டுவிட்டான்.

பதினோராவது விளக்கு சிமிட்டியது. மேசைப் போன் அடித்தது. தங்கபாண்டி ஸ்பீக்கரை அழுத்தினான்.

"ஸ்டோர்லருந்து அமாவாசை பேசுறேன் மொதலாளி. சூடு ரொம்ப ஏறிருச்சு. வெளிப்பூட்டத் தொறக்கச் சொல்லுங்க."

குரல் கொஞ்சமும் விட்டுப்போகாமல் தெளிவாகக் கேட்டது. காய் திருட்டுப் போகாமலிருக்க உலர்த்தும் ஆளை உள்ளே விட்டு ஸ்டோரை வெளியே பூட்டுவது ராஜா முகம்மதுவின் வழக்கம்.

தங்கபாண்டி சுவிட்ச்சின் மின்சாரத்தைப் பிடுங்கினான். பத்து விளக்குகள் அணைந்தன.

"மொதலாளி," என்றது போன்.

ராஜா முகம்மது இடுப்புப் பெல்ட்டிலிருந்து ஒரு சாவியை அவசரமாக உருவி மேசையில் போட்டார். அதனடியில் இருந்த காகிதம் மெல்லப் புகையத் தொடங்கியது.