நீலத் துணி

ஒர்க்‌ஷாப் கூரையின் இருட்டில் வண்டிக்காரப் பெண் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்து நிற்க, மெக்கானிக் பெட்ரோல் டேங்கைக் காலி செய்துவிட்டு, அதன் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றுகிறார். அதன் வடிகட்டி வலையில் ஒரு நீலத் துணிக் கிழிசல் சுற்றிக்கிடக்கிறது. போன வாரம் டேங்கைக் கழுவியபோது வாயை அடைக்க அவர் செருகிய துணி. மீதி அவர் தோளிலேயே தொங்குகிறது. வலையில் இருப்பது, டேங்க் மறைப்பதால், அவளுக்குத் தெரியவில்லை. "நெஞ்சு வலிக்குதுன்னு அப்பாவ பின்னாடி ஏத்திட்டுப் போறேன், பாலத்து நடுவுல நின்னுடுச்சுண்ணா. என் முதுகுல சாஞ்சுக்கிட்டு, 'பதறாதம்மா'ங்கறாரு மனுஷன்." கிழிசல் அவர் உள்ளங்கைக்குள் போகிறது. பெட்ரோல் ஈரம் விரலிடுக்கில் சில்லிடுகிறது. "இப்ப எப்படியிருக்காரு?" "ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. பெட்ரோல்ல குப்பையாண்ணா? அந்த பங்க்காரன நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்." "குப்பைதாம்மா" என்கிறார், அவளைப் பார்க்காமல். கடைசி இரண்டு விரல்கள் துணியை விடாமல் மடங்கியிருக்க, மற்ற விரல்களால் டேப்பையும் குழாயையும் மாட்டி, பெட்ரோலைத் திரும்ப ஊற்றுகிறார். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொள்கிறது. "இதுக்குத்தாண்ணா உங்களத் தவிர வேற யார்கிட்டயும் வண்டியக் குடுக்கறதில்ல" என்று சிரித்தபடி, வாளியிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு வருகிறாள். "கை கழுவிக்கங்க." அவர் ஒரு கையை நீட்டுகிறார். அவள் ஊற்றாமல் நிற்கிறாள், இன்னொரு கைக்காக.