பெயருக்கு முன்னால் ஒரு சொல்

திரையில் கல்யாணப் பத்திரிகை விரிந்திருந்தது. பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் கர்சர் விட்டுவிட்டு மின்னியது.

"லேட் போட்டுடலாமாம்மா?" அச்சகக்காரர் தயங்கித்தான் கேட்டார். போடச் சொல்லியிருந்தது சம்பந்தி வீடு.

கல்யாணப் பெண்ணான மகள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அம்மாவிடம் யாரும் பேசத் துணியாத பேச்சு அது.

அம்மா மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்பவள். சீருடையை மாற்றாமல் அப்படியே வந்திருந்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலையில் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். மகள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

தேடாத இடமில்லை. பிணவறைகளில் முகம் முகமாகத் துணியை விலக்கிப் பார்த்தாள் அம்மா. வருடங்கள் ஓடிய பிறகும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவாள். காலமானவர் என்று எழுதிய ஒருத்தனோடு வங்கியில் சண்டையே போட்டிருக்கிறாள்.

மகள் இப்போது ஆங்கில ஆசிரியை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கெட்ட வார்த்தை இல்லம்மா. ரொம்பப் பழங்காலத்துல அதுக்கு 'மெதுவா'ன்னுதான் அர்த்தம். அப்புறம் தாமதம்னு ஆச்சு. செத்துப்போனவங்கங்கறது பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. நாம பழைய அர்த்தத்துலயே போட்டுக்கலாம். அப்பா மெதுவா வந்துட்டிருக்காருன்னு."

அச்சகக்காரர் சுவரைப் பார்த்தார்.

"போடுங்க," என்றாள் அம்மா. "ஊருக்கெல்லாம் என்ன அர்த்தமோ, அதே அர்த்தத்துல."

நான்கு ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

மகள் அங்கேயே உடைந்து அழுதாள். அம்மாவின் மனசு ஒருவழியாக ஆறிவிட்டது என்று நினைத்தாள். அம்மா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். தன் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முந்தின வாரம் மருந்தகத்தில் நல்ல கூட்டம். ஜன்னலுக்குள் ஒரு கை சீட்டை நீட்டியது. கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு.

அம்மா நிமிர்ந்தாள்.

தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே முகம். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபடி, முன்பல் விழுந்த ஒரு சிறுமி. "அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா." சொல்லிவிட்டு இருமினாள்.

அவருக்கும் தெரிந்துவிட்டது. சீட்டை விடவே மறந்து நின்றார்.

பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். அவள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன.

மருந்தை எடுத்து உறையில் போட்டாள்.

"காய்ச்சல் விட்டாலும் மருந்த நிறுத்தக் கூடாது," என்றாள்.

"சரிங்க மேடம்," என்றார் அவர்.