மூன்று மழை கண்ட நார்

"வாழை நார் தண்ணி குடிக்கும்மா. ஊறுச்சுன்னா அடுக்கடுக்காப் பிரிஞ்சிடும். நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

சேரங்கோட்டில் மூடிக்கிடந்த தேயிலை ஃபேக்டரியின் கொட்டகையில் நின்று கேட்டார் நெல்சன், கோயம்புத்தூர் கம்பெனி இன்ஜினியர். அவர் கையில் ஒரு பலகை. இரண்டு பக்கமும் கண்ணாடி நார், நடுவே வாழை நார், சேர்த்து இறுக்கிய பிளாஸ்டிக் பிசின். கம்பெனிக்கு இந்தப் பலகை செய்து தரும் ஆர்டரில் அவர் கையெழுத்திட்டால், கொழுந்து விலை விழுந்து வேலையிழந்த பதினாறு பெண்களுக்கு இந்தக் கொட்டகை சோறு போடும்.

பலகையைக் கண்டுபிடித்த ஃபிட்டர் சுடலைமுத்து போன மாசியில் இறந்துபோனார். பதில் சொன்னது அவர் மனைவி வீரம்மா.

"தண்ணி உள்ள போகாம கண்ணாடி நார் காக்கும். அடிபட்டா நொறுங்காம வாழை நார் தாங்கும். கனமும் இருக்காதுன்னு சொல்வாருங்க."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மேட்டிலும் மழையிலும் ஆள் பாரம் ஏற்றிப் பார்த்ததுண்டா என்றார் நெல்சன்.

"மூணு மழைக்காலம் பார்த்தாச்சுங்க. மேல வாங்க, காட்டுறேன்."

அட்டைக்கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து வைத்திருந்தார்கள். நெல்சன் இரு கால்களிலும் அப்பிக்கொண்டார். வீரம்மா வலது பூட்ஸுக்குள் மட்டும் கைவிட்டுப் பூசிவிட்டுக் கிண்ணத்தை மூடினார். சுண்ணாம்பில்கூடச் சிக்கனம் பார்க்கும் காலம் வந்துவிட்டதே என்று நெல்சனுக்குச் சங்கடமாக இருந்தது.

தூறலில் பாதை வழுக்கியது. நெல்சன் இரண்டு முறை விழுந்தார். ஐம்பது வயது வீரம்மா தேயிலைச் செடிகளுக்கு நடுவே விறுவிறுவென்று ஏறிப் போனார். வழியில் நின்று அவருக்குக் கையும் கொடுத்தார்.

உச்சியில் ஒரு பாறைதான் இருந்தது. பலகை எதையும் காணோம்.

மூச்சு வாங்கியபடி, "எங்கம்மா அந்தப் பீஸு?" என்றார் நெல்சன். சுண்ணாம்பையும் மீறி அவருடைய இரண்டு கணுக்கால்களிலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு முன்னாடி ஏறி வந்துச்சேங்க" என்றபடி வீரம்மா பாறையில் உட்கார்ந்து, இடது பூட்ஸைக் கழற்றினார்.

முழங்காலுக்குக் கீழே கால் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிபோல் மின்னிய பிசினுக்கு அடியில், வாழை நார் வரிவரியாகத் தெரிந்தது.