முதுகில் தட்டியவள்

கோதண்டராமனுக்கு வந்த நடுக்க நோயில் கை நடுங்கியதுகூடப் பெரிதில்லை. வாசற்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனைவி அருணாதேவி பின்னால் நின்று முதுகில் தட்டுவாள், இரண்டு மெதுவாக, ஒன்று வேகமாக. உடனே கால் பெயரும். இரண்டாயிரத்து மூன்று ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். அதன் பிறகு வேங்கிக்கால் ஊரிலிருந்த வீட்டில் அவர் தன் அறையைத் தாண்டவில்லை.

மறுவருடம் மகள் எழிலரசி அவரைச் சென்னைக்கு அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துப்போனாள். அவர் விழித்திருக்கும்போதே தலையில் துளையிட்டு, மூளையின் ஆழத்துக்கு மெல்லிய கம்பியை இறக்கினார்கள். அங்குள்ள நரம்பணுக்கள் துடிக்கும் சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்டபடி டாக்டர் சரியான இடத்தைத் தேடினார். வேர்க்கடலை வறுபடுவதுபோலப் படபடத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியது. பிறகு தட்டுவது கேட்டது. இரண்டு மெதுவாக, ஒன்று வேகமாக.

"சார், இங்கயே வச்சிடுங்க," என்றார் கோதண்டராமன்.

"ஏங்க?"

"தட்டுறது என் சம்சாரம் சார்."

டாக்டர் திரையைப் பார்த்தார். நரம்பின் துடிப்பைக் காட்டும் கோடு அசையாமல் கிடந்தது.

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். கை நடுக்கம் நின்றது. கம்பியை அங்கேயே பொருத்தினார்.

ஊர் திரும்பிய அன்று கோதண்டராமன் யார் துணையுமின்றி வாசற்படியைத் தாண்டினார். முன்பே உள்ளே போயிருந்த எழிலரசி கண்கலங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓரமாக ஒதுங்கி, வெறும் வாசலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இத்தன நாள் பின்னாடியே வந்துட்ட அருணா. இனிமே நீ முன்னாடி போ," என்று வழிவிட்டு நின்றார்.